முட்டைக் குழியும் பதினோரு அழைப்பும்

ஞாயிறு காலை

அன்புள்ள டீச்சருக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் என்னோடு பேசமாட்டேன் என்கிறாய். மகளிடம் கேட்டால், "எழுதுங்கப்பா, எழுதினா அம்மா படிப்பாங்க" என்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு மூன்று கடிதம் எழுதியவன், முப்பத்தோரு வருஷம் கழித்து நாலாவதை எழுதுகிறேன். அப்போது நீ கணக்கு டீச்சர், இப்போது ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். எனக்குப் பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஏரியில் மீன்பிடி சீசன் திறக்க இன்னும் ஒன்பது நாள். வீட்டில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. நாலு தூண்டில் ரீலையும் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டு மாட்டினேன். மாட்டியபின் ஒன்று கரகரத்தது, மறுபடி கழற்றினேன். பழைய நரம்பை உருவி எறிந்துவிட்டுப் புது நைலான் நரம்பு சுற்றினேன். தூண்டில் முட்களை அரத்தில் தேய்த்து நகத்தில் குத்திப் பார்த்தேன். இரையாக மாட்டுகிற ரப்பர் புழுக்களை நிறவாரியாகப் பிரித்து டப்பாக்களில் போட்டேன், மறுநாள் அது பிடிக்காமல் அளவுவாரியாக மாற்றினேன். எல்லாம் சாப்பாட்டு மேசையில்தான். திட்ட ஆள் இல்லை என்று மேசை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறேன். ஆனாலும் நீ வரும் சத்தம் கேட்கிறதா என்று காது வாசல் பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது.

வேலைக்குப் போகிற வழியில் தினமும் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்க்கிறேன். நேற்று பதின்மூன்று டிகிரி. பதினைந்தைத் தாண்டினால் பாஸ் மீன் ஆழத்தை விட்டுக் கரையோரமாக ஏறிவிடும். என் படகுக் கூட்டாளி வெல்டர் இதைப் பார்த்துவிட்டு, "நீ மீன் புடிக்க வர்றியா, ஏரிக்குக் காய்ச்சலான்னு பாக்க வர்றியா" என்று கேட்டுச் சிரிக்கிறான்.

இன்னொரு விஷயம். கழுத்தில் மாட்டிக்கொள்கிற, தண்ணீர் புகாத போன் பை ஒன்று வாங்கியிருக்கிறேன். போன சீசனின் கடைசி நாளில் போனை ஊமையாக்கிப் படகுப் பெட்டிக்குள் போட்டது தப்புதான். நீ குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, பதினோரு தடவை என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். ஒன்றுகூட என் காதில் விழவில்லை. வேண்டுமென்றா செய்தேன்? போன் அடித்தால் மீன் கலைந்துவிடும் என்று எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நீ ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மகள் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. போகும்போது, "உங்க மீன் வந்து பாத்துக்கும் உங்கள" என்று சொல்லிவிட்டுப் போனாய். இதுவரை எந்த மீனும் வந்து எட்டிப் பார்க்கவில்லை.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

*

வியாழன், வேலை முடிந்து வந்து

அன்புள்ள டீச்சருக்கு,

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன், பார்த்துக்கொள். மகள் எல்லாம் சொன்னாள். என் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "ஏரித் தண்ணி எத்தன டிகிரின்னு எழுதத் தெரியுது, என் இடுப்பு எப்படி இருக்குன்னு ஒரு வரி கேக்கத் தெரியல" என்றாயாம். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாயா? படி ஏற முடிகிறதா? அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்தால் வலிக்கிறதா?

சீசன் திறந்து பத்து நாள் ஆகிறது. மூன்று தடவை போய்விட்டேன். முதல் நாள் ஒரு கடிகூட இல்லை. இரண்டாம் தடவை அரைக் கிலோவில் ஒரு குட்டி. வெல்டருக்கு அன்று மூன்று, அதில் ஒன்று இரண்டு கிலோவைத் தாண்டியது. அவன் அதைத் தூக்கிப் பிடித்து என் மூக்குக்கு நேராக ஆட்டிக் காட்டிவிட்டுத்தான், வழக்கம்போலத் திரும்பத் தண்ணீரில் விட்டான். மூன்றாம் தடவை பாறைத் திட்டுப் பக்கம் பெரிதாக ஒன்று எனக்கு மாட்டியது. கம்பு வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. படகு வரைக்கும் வந்து, அந்தப் பெரிய வாயைத் திறந்து தலையை ஒரு உதறு உதறி, முள்ளை என் மேலேயே துப்பிவிட்டுப் போனது. நிமிஷத்துக்கு ஒரு தடவை கழுத்தில் தொங்கும் போனையே பார்த்துக்கொண்டிருந்தால் நரம்பு தொய்யாமல் என்ன செய்யும் என்று வெல்டர் கத்தினான். "யாரு கூப்பிடப் போறா உன்ன" என்றும் கேட்டுவிட்டான். கேட்டபின் அவனே நாக்கைக் கடித்துக்கொண்டு, படகைக் கரைப் பக்கம் திருப்பினான்.

வேலையிலும் பொறுமை இல்லை. போன வாரம் ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றுபோய், ஒரு அம்மா தனியாக உள்ளே மாட்டிக்கொண்டார்கள். தகவல் வந்து இருபது நிமிஷத்தில் போய்க் கதவை நெம்பி அவர்களை இறக்கிவிட்டேன். என்னை வேலை செய்யவிடாமல் அங்கேயே நிறுத்தித் திட்டித் தீர்த்துவிட்டார்கள். நானும் பதிலுக்குப் பேசிவிட்டேன். நகரத்தின் மறுமுனையிலிருந்து இருபது நிமிஷத்தில் ஓடி வந்தவனைத் திட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? புகார் போய்விட்டது. சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, "உனக்குத்தான்யா அது இருபது நிமிஷம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி அடித்திருக்கிறேன். லிஃப்ட்டுக்குள் பொருத்துகிற எஃகுக் கைப்பிடி, யானை தொங்கினாலும் பெயர்ந்து வராது. உன்னை யானை என்று சொல்லவில்லை. தரைக்கு ரப்பர் விரிப்பும் போட்டாயிற்று. எப்போது வருவாய் என்று மகளைக் கேட்டால், "தெரியலப்பா, அம்மா பேச்ச மாத்திடறாங்க" என்கிறாள். எனக்கு வீட்டுக்குள் நடந்து நடந்தே செருப்பு தேய்ந்துவிடும் போலிருக்கிறது.

மாத்திரைகளை நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

*

ஞாயிறு பிற்பகல்

என் அன்புக்குரியவளே,

ஏரியிலிருந்து வந்ததும் கைகூடச் சரியாகக் கழுவாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். காகிதத்தில் மீன் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்.

வெல்டருக்கு இன்று வேலை இருந்தது. நான் தனியாகப் போனேன். தண்ணீர் பதினெட்டு டிகிரி ஆகிவிட்டது. இது பாஸ் மீன் முட்டையிடும் நேரம். கரையோரத்தில், முழங்கால் ஆழத்தில், ஆண் மீன் வாலால் தூசி தட்டிச் சரளைக்கல்லில் ஒரு பெரிய தட்டு அளவுக்குக் குழி செய்யும். பெண் மீன் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதற்கப்புறம் ஆண் மீன்தான் சாப்பாட்டையும் மறந்து அந்தக் குழி மேலேயே நின்று காவல் காக்கும். அதன் முன்னால் எதைப் போட்டாலும் கவ்வும், பசியால் இல்லை, விரட்டுவதற்காக. பிடிப்பது அவ்வளவு சுலபம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அதைத் தொடமாட்டார்கள். இருபது வருஷமாக நானும் தொட்டதில்லை. இன்று பிடித்தேன்.

சீசன் தொடங்கியதிலிருந்து உருப்படியாக ஒன்றும் கிடைக்காத எரிச்சல் ஒரு பக்கம். நல்ல மீனாக ஒன்று பிடித்து உனக்குப் படம் அனுப்பினால், திட்டுவதற்காவது என்னைக் கூப்பிடுவாய் என்ற ஆசை இன்னொரு பக்கம். ரப்பர் புழுவைக் குழிக்குள் இறக்கினேன், உடனே கவ்வியது. எடை போட்டேன், ஒன்றே முக்கால் கிலோ. நீளம் அளந்தேன். ஒரு கையில் மீனும் ஒரு கையில் போனுமாகப் படம் சரியாக விழவில்லை, திரும்பத் திரும்ப எடுத்தேன். அப்புறம்தான் தண்ணீரில் விட்டேன். அது வேறு எங்கும் போகவில்லை, நேராகக் குழிக்கு ஓடியது.

அதற்குள் விரல் நீளச் சின்ன மீன்கள் ஒரு கூட்டமாக வந்து குழியை மொய்த்திருந்தன. எல்லாவற்றையும் விரட்டிவிட்டு அது நடுவில் வந்து நின்றது. கீழே வெறும் கல்தான் இருந்தது. ஒரு முட்டை இல்லை. போனில் நேரம் பார்த்தேன், நான் அதை வெளியே வைத்திருந்தது மொத்தம் ஆறு நிமிஷம். முட்டை போய்விட்டது அதற்குத் தெரிந்ததோ இல்லையோ, நான் கிளம்பும்வரை அந்தக் காலிக் குழிக்கு அது காவல் காத்துக்கொண்டிருந்தது. படங்களை அழித்துவிட்டேன்.

ஆறு நிமிஷத்தில் இவ்வளவு ஆகிவிட்டதே என்று படகில் உட்கார்ந்திருந்தபோதுதான் நீ குளியலறைத் தரையில் கிடந்த இரண்டு மணி நேரம் என் மண்டையில் ஏறியது. இத்தனை நாளும் உன் கோபம் மீன் மேல், போன் மேல் என்றே நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு என்ன தெரியுமா? உனக்குத் தெரியாமலா இருக்கும். "பக்கத்து வீட்டம்மாவ முதல்லயே கூப்பிட்டிருக்கலாம்ல" என்றேன். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

மகள் அப்போதே எல்லாம் சொன்னாள். குளித்துக்கொண்டிருந்தபோது விழுந்திருக்கிறாய். உடுத்திக்கொள்ளத் துணி எட்டவில்லை. கரை ஏறியதும் நான் கூப்பிடுவேன் என்று உள்ளே எடுத்துப் போயிருந்த போன் மட்டும் கைக்கு எட்டியிருக்கிறது. அந்தக் கோலத்தில் உன்னை வந்து தூக்கலாம் என்று நீ நினைத்தது உலகத்தில் என் ஒருவனைத்தான். அதனால்தான் இரண்டு மணி நேரம் வலியோடு கிடந்து என்னையே கூப்பிட்டிருக்கிறாய். கடைசியில் வேறு வழியில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாய். அப்படிப்பட்டவளிடம் நான் கேட்ட கேள்வி அது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதமும் ஒரு மீனும் வேண்டியிருந்தது. வெட்கமாக இருக்கிறது. கரைக்கு வந்து வண்டிக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு வா என்று இதில் எழுதப்போவதில்லை. அப்படிக் கூப்பிட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? விழுந்த விவரம், எலும்பு முறிந்த விவரம், ஆபரேஷன் நடந்த விவரம் எல்லாம் டாக்டரிடம் கேட்டேன். அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி உன்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ஒரு அழைப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் என்ன செய்தாய்? குளிர்ந்ததா? எத்தனையாவது தடவையில் என்னைத் திட்டத் தொடங்கினாய்? நான் வரமாட்டேன் என்று எப்போது தெரிந்தது? ஒன்றையும் எனக்காகக் குறைக்காமல் எழுது. குறுக்கே பேசாமல், சமாதானம் சொல்லாமல், முழுக்கப் படிக்கிறேன்.

உன் கால் வலி இல்லாமல் தரையில் ஊன்றட்டும். கண்ணை மூடினால் நல்ல தூக்கம் வரட்டும். எழுத மனம் வந்தால் மட்டும் எழுது. வராவிட்டால் ஒரு வெற்றுக் காகிதத்தையாவது மடித்து அனுப்பு.

இப்படிக்கு,
அன்று வராத உன் வீட்டுக்காரன்