உன் அண்ணனின் படகுத்துறையும் என் கோடையும்

லோர்ன்,

நீ எழுந்திருக்கும்போது வாசலில் காரும் இருக்காது, கராஜில் நம் துடுப்புப் படகும் இருக்காது. நானே கார்மேல் தூக்கிக் கட்டினேன். முதுகு விட்டுப்போச்சு, பரவாயில்லை.

பிப்ரவரியில், வெளியே பனி கொட்ட, காலை ஏழு மணிக்குக் கணினி முன் உட்கார்ந்து வடக்கே சுப்பீரியர் ஏரிக்கரையில் இந்தக் கோடைக்குக் கூடாரம் போட இடம் பிடித்தவள் நான். நீ குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய். நேற்று உன் அண்ணன் வெண்டல் போனில் கூப்பிட்டதும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், “வரேண்ணே, உங்க படகுத்துறைப் பலகைய மாத்திடலாம்” என்கிறாய். ஏன் என்று கேட்டால், “ஏரி எங்கயும் ஓடிப்போகாதும்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று எனக்குச் சமாதானம். ஆறு கோடையாக இதே பாட்டு! அந்தத் துறையில் இன்னும் மாற்றாத பலகை ஏதாவது மிச்சமிருக்கிறதா?

சனிக்கிழமை அந்த ஏரிக்கரையில் ஓஜிப்வே பழங்குடி மக்களின் பவ்வாவ் நடன விழா. உன்னோடு வேலை பார்க்கும் டெல்பர்ட்டின் மகள் முதன்முதலாக ஆடுகிறாள். வீட்டுக்கே வந்து அழைத்தவரிடம், “கண்டிப்பா வந்துடுறோம்” என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னது யார், நானா?

உன் அண்ணன் பத்து மணிக்கு டிரக்கில் உன்னைக் கூட்டிப்போக வருவார். ஃப்ரிட்ஜில் பட்டாணி சூப் இருக்கிறது, சுடவைத்துக் குடியுங்கள். ப்ளூபெர்ரி கேக்கைத் தேடாதே, அது என்னோடு வருகிறது.

மேவிஸ்

துடுப்பு இரண்டையும் எடுத்துப்போகிறேன். ஒன்று உடைந்தால் மாற்றுக்கு. வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

முன்பதிவில் உன் பெயரும் இருக்கிறது. அழிக்க நேரமில்லை.

வெண்டலின் டிரக் வடக்கேயும் ஓடும்.