கால்மேல் போட்ட பேனாக் கோடு

தைப்பூச விரதம் தொடங்கப்போகிறதே என்று இன்று காலை சாமி அலமாரியைத் துடைத்தேன். திருநீற்று டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டபோது கிளினிக் பிளாஸ்டிக் பை ஒன்று அகப்பட்டது. உள்ளே சிவப்பும் மஞ்சளுமாகக் கேப்சூல்கள், கிள்ளான் வெக்கையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. உனக்குத் தெரியாமல் நான் ஒளித்து வைத்தவை. முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஊருக்குப் போன இடத்தில் உன் இதயம் நின்றுபோய் ஒரு வருடமாகிறது. உன் அறையை இன்னும் யாருக்கும் விடவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து வேலை விசாவில் மலேசியாவுக்கு வந்து என் வீட்டு முன் அறையில் தங்கினாய். தினமும் ரயிலேறி பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்குப் போய்க் கொழுப்புச் செல்களோடு மல்லுக்கட்டுவாய். கொழுப்பைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா, என் இடுப்பைப் பார்த்தால் போதாதா என்று கேலி செய்வேன். "உங்க இடுப்புக் கொழுப்பும் சும்மா இல்லக்கா, எந்நேரமும் வேலை பாக்குது" என்பாய்.

அந்த வருடம், மகளின் பிரசவம் நல்லபடியாக முடிந்ததற்குப் பத்துமலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தேன். விரதமென்றால் எனக்கு விரதம்தான். ஒரு வேளைச் சோறு, காலில் செருப்பு கிடையாது. பள்ளி வேனைக்கூட வெறுங்காலோடுதான் ஓட்டினேன். பெடல் விளிம்பு பட்டு விரலிடுக்கில் சின்னதாகக் கிழித்துவிட்டது. கிளினிக்கில் கேப்சூல் கொடுத்தார்கள். பஜனைக் குழுவில் ஒருத்தி, "அக்கா, அந்தக் கூடு மாட்டு எலும்புல செய்யறது லா" என்றாள். அவ்வளவுதான். பை அலமாரிக்குப் போனது, காயத்தில் மஞ்சளை அப்பினேன். உன்னிடம் மட்டும் மருந்து சாப்பிடுவதாகப் புளுகினேன்.

என்னைக் காட்டிக் கொடுத்தது நான் தினமும் விரலைக் குத்திப் பார்க்கும் சுகர் மிஷின். "ஒரு வேளை சாப்பிட்டா இவ்வளவு ஏறுமா?" என்று கேட்டாய். மிஷின் கெட்டுப்போச்சு என்றேன். நீ குனிந்து என் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பார்த்தாய். கெண்டைக்கால் வரை சிவந்து, தொட்டால் சுட்டது.

"அக்கா, கிருமி உள்ள போயிருச்சு. தோலுக்குக் கீழ இருக்கிற கொழுப்பு அதைக் கண்டுக்கிட்டுக் கத்துது. அதான் இந்த வீக்கம், சூடெல்லாம்."

"அதுக்கும் சுகருக்கும் என்ன?"

"உங்க வேன்ல ஒரு பிள்ளை வாந்தி எடுத்தா மொத்த வேனும் கத்தும்ல? அப்ப நீங்க சொல்றது யார் காதுல விழும்? இப்ப இன்சுலின் சொல்றது கொழுப்புக்குக் கேக்கல. சக்கரை ரத்தத்துலயே நிக்குது. கிருமிக்கு அது கொண்டாட்டம்."

அப்போதுதான் கேப்சூல் கதையைச் சொன்னேன். திட்டுவாய் என்று பார்த்தேன். "ஏங்க்கா என்கிட்ட கேக்கல? எனக்கும் ஹலாலான்னு பாக்கணும்ல? நானும் கூடு எதுல செஞ்சதுன்னு கேட்டுத்தான் முழுங்குவேன். சரியில்லன்னா மாத்திரையா கேட்டு வாங்குவேன். இதுல என்ன வெக்கம்?" என்றாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்கும் அதே கவலை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் அடம்பிடித்தேன், பால்குடம் எடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரி என்று.

"முருகன் பால்தானே கேட்டாரு? காலையுமா கேட்டாரு?"

ஒரு முஸ்லிம் பெண் என் முருகனைப் பற்றி என்னிடமே இப்படிக் கேட்கிறாளே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடேயே உன்னோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

டாக்டர் சிவப்பின் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார். கோட்டைத் தாண்டினால் ஆபத்து, காலை எடுக்கும்படிகூட ஆகலாம் என்றார். கால் போனால் வேன் ஏது, பத்துமலைப் படியேறுவது ஏது? தினமும் வேலைக்குப் போகுமுன் வந்து கோட்டைத்தான் முதலில் பார்ப்பாய், என் முகத்தை அப்புறம். மூன்றாம் நாள் சிவப்பு கோட்டுக்கு உள்ளே சுருங்கியது. "கத்தல் அடங்குதுக்கா" என்று சொல்லி என் பாதத்தைப் பிடித்துக்கொண்டாய்.

அந்தத் தைப்பூசம் கட்டிலிலேயே கழிந்தது. மறு வருடம் நான் பால்குடத்தோடு மலையேறினேன். நீ கீழே என் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றாய்.

இன்று மதியம் பஜனைக் குழு கூடியது. அன்று எனக்குக் கேப்சூல் பாடம் எடுத்தாளே, அவளேதான் நொண்டிக்கொண்டு வந்தாள். "கொசுக்கடி லா அக்கா. விரதம் முடியட்டும், பாத்துக்கலாம்." நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பிள்ளைகளின் வருகை குறிக்கும் பேனாவை எடுத்து அவள் காலில் சிவப்பைச் சுற்றிக் கோடு போட்டேன். வேனில் ஏற்றி நேரே கிளினிக். "கூடு போட்ட மருந்து வேணாம் டாக்டர், மாத்திரையா இருந்தா குடுங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். டாக்டர் சரியென்று மாற்றி எழுதினார். அங்கேயே முதல் மாத்திரையை விழுங்க வைத்துவிட்டுத்தான் விட்டேன்.

திரும்பும்போது அவள் கேட்டாள், "இதெல்லாம் உங்களுக்கு யாருக்கா சொன்னா?"

"எங்க வீட்டு முன் ரூம்ல இருக்கா பாரு, அவதான்" என்றேன்.

இருந்தாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.