அச்சுமுறுக்கும் உன் புராஜெக்ட்டும்

பிள்ளைப்பாக்கம்

அன்பு மகள் ஜெர்சிக்கு, அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் நான் நலம், அம்மாவும் நலம், அவள் முட்டி மட்டும் நலமில்லை. டப்ளினில் குளிர் எப்படி, சாக்ஸ் போட்டுக்கொண்டு படுக்கிறாயா? போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், அதனால்தான் இதை எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். புராஜெக்ட் தள்ளிப்போகுதுப்பா, மேனேஜர் இன்னும் பத்து ஆள் தர்றேன்றாரு, மாசக் கடைசிக்குள்ள முடிச்சிட்டு அம்மா ஆபரேஷனுக்கு வந்துர்றேன் என்று போன வாரம் சொன்னாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஏம்மா, காலேஜில் படிக்கும்போது லைப்ரரியிலிருந்து ஒரு பழைய புத்தகம் கொண்டுவந்தாயே, சாஃப்ட்வேர் வேலையை எப்படி நடத்துவது என்று யாரோ அந்தக் காலத்தில் எழுதியது, மறந்துபோச்சா? நான் ஒரகடம் ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட உட்காருவேன், நீ எதிரே உட்கார்ந்து அதைத் தமிழில் சொல்லுவாய். தாமதமான வேலையில் புது ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும், வேலை தெரிந்தவன் தன் வேலையை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கணும் என்றாய். எங்கள் லைன் சூப்பர்வைசர் பலராமனிடம் அதைச் சொன்னேன், அட, கம்ப்யூட்டர்காரனுக்கும் இதே ரோதனையா என்று அப்படிச் சிரித்தார். நீ சொல்லச் சொல்ல ரசம் ஆறிப்போகும், எனக்கு எழுந்திருக்க மனசு வராது. அந்தச் சாப்பாட்டு நேரத்துக்கு இப்போதும் ஏங்குகிறேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு நடந்த கூத்தைக் கேள். வருஷா வருஷம் நீயும் அம்மாவும்தானே அச்சுமுறுக்கு சுடுவீர்கள், அவள் மாவு கரைப்பாள், நீ அச்சைத் தோய்ப்பாய், பேச்சே இருக்காது. இந்த முறை முட்டி வலியில் வேலை பின்தங்கிவிட்டது. நான் பெரிய புத்திசாலி மாதிரி, நம் தெருவில் சேர்ந்து ஜெபம் சொல்லும் அன்பியத்துப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிவந்துவிட்டேன். அம்மா ஒருத்திக்கு மாவுப் பதம் சொல்ல, இன்னொருத்தி அச்சை எண்ணெயில் காயவைக்காமலே மாவில் முக்க, ஜாஸ்மின் யாரையும் கேட்காமல் இன்னொரு கை உப்பைப் போட, வாயில் வைக்க முடியவில்லை. கடைசியில் பேக்கரி கேக்கைத்தான் வீடு வீடாகக் கொடுத்தோம். நானும் ஜெர்சியும் ரெண்டே பேரு இருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்யா, ஊரையே இட்டுகினு வந்து உக்கார வச்சிட்ட என்று அம்மா கத்தினாள்.

அதே புத்தகத்திலிருந்து இன்னொன்றும் சொல்லுவாய், எந்த வேலையும் ஒரேயடியாகத் தள்ளிப்போவதில்லை, தினம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகிறது என்று. நீ வருவதும் அப்படித்தான் ஆகிவிட்டது. கல்லறைத் திருநாளுக்கு என்றாய், பிறகு கிறிஸ்துமஸ், பிறகு பொங்கல், இப்போது மாசக் கடைசி. நீ பொய் சொல்லவில்லை, ஆசைப்படுவதைச் சொல்கிறாய், எனக்குத் தெரியும். ஆனால் நீ ஒரு தேதி சொல்லும்போதெல்லாம் அம்மா ஆபரேஷனைத் தள்ளிவைக்கிறாள். புள்ள வரட்டும்யா, இன்னா அவசரம் என்கிறாள். இன்னும் தள்ளினால் வளைந்த கால் நிமிராது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவளால் கோயிலுக்கு நடக்க முடியவில்லை, மணிச் சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது ஜெர்சி.

மேனேஜரிடம் ஆள் வேண்டாம், அவகாசம் கொடுங்கள் என்று தைரியமாகச் சொல்லு. அம்மாவிடமும் உள்ளதைச் சொல்லு. இப்ப என்னால வர முடியாதும்மா, நீ ஆபரேஷன் பண்ணிக்கோ என்று உன் வாயால் சொன்னால்தான் அவள் கேட்பாள். அழுவாள், அழட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் கூட இருக்க நான் ஒருத்தன் போதும்.

ஆண்டவர் உன் கைவேலையை ஆசீர்வதிப்பார், மாதா உனக்குத் துணை இருப்பாள். வேளைக்குச் சாப்பிடு. இன்றைக்கே அம்மாவைக் கூப்பிடு. பேச்சுவாக்கில் தேதி எதையும் சொல்லிவிடாதே, உடனே காலண்டரில் வட்டம் போட்டுவிடுவாள்.

உன் அப்பா,
சாம்ராஜ்