பிரபுவின் கால் விரல்கள்

காரைக்குடி,
21.4.1993

அன்பு மகன் அந்தோணி பிரபுவுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் சுகம், உன் தங்கை ஜெரினாவும் பிள்ளைகளும் சுகம். நீயும் சுகம் என்று போன மாதம் எழுதியிருந்தாய், அதை இனிமேல் எப்படி நம்புவது என்றுதான் தெரியவில்லை.

உன்னோடு மங்கோலியாவில் மாட்டு டாக்டராக இருக்கும் கதிரவன் லீவில் வந்தவர், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வந்த கையோடு வீட்டுக்கு வந்தார். எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, கால் புண்ணு நல்லா ஆறிருச்சும்மா, ரெண்டு வெரலை எடுத்ததோட போச்சு என்றார். அப்பாதான், என்ன தம்பி சொல்றீக, வெவரமாச் சொல்லுங்க என்று அவரை உட்காரவைத்துக் கேட்டார். ஆட்டுக்கு ஊசி போடப் போன இடத்தில் ஜீப் பனியில் புதைந்து, நீயும் டிரைவரும் இறங்கி நடந்து, புயலில் ஒருவரை ஒருவர் தவறவிட்டீர்களாம். டிரைவர் எப்படியோ ஒரு கூடாரம் போய்ச் சேர்ந்துவிட்டார், நீ நினைவில்லாமல் விழுந்து கிடந்தாயாம். தன் மந்தையைத் தேடிக் குதிரையில் வந்த ஒரு பெண் உன்னைக் குதிரை மேல் தூக்கிப் போட்டுத் தன் கம்பளிக் கூடாரத்துக்குக் கொண்டுபோய், உறைந்த காலை அடுப்பில் காட்டக் கூடாது என்று தன் அங்கிக்குள் விட்டு வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். அதற்குள் அவள் ஆடுகள் காற்று தள்ளின பக்கமே போய் ஒரு பள்ளத்தில் பனி மூடிச் செத்துப்போயினவாம். சர்க்கார் பண்ணையைக் கலைத்தபோது அவள் பங்குக்கு வந்த மந்தையாம் அது, புருசன் இல்லாதவளாம். ஆட்டைத் தேடிப் போகவில்லையா என்று கதிரவன் கேட்டதற்கு, மனுசனை விட்டுட்டு ஆட்டைத் தேடுவாங்களா என்று சிரித்தாளாம்.

அன்றைக்கு உலை வைக்க எனக்குக் கை ஓடவில்லை. அப்பா ஆறுதல் சொல்கிறேன் என்று, அவுக செங்கிஸ்கான் காலத்துலேயே குதிரை மேலயே தூங்குனவுக, குளிரெல்லாம் அவுகளுக்கு ஒண்ணுமில்லே என்று சரித்திரம் சொன்னார். அவர்களுக்கு ஒன்றுமில்லை, என் பிள்ளை அமராவதிபுதூர் வெயிலில் வளர்ந்தவன் அல்லவா என்று கத்திவிட்டேன். அவரும் மதியம் சாப்பிடவில்லை.

உனக்கு லீவு கொடுத்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாம், அந்தப் பெண்ணுக்கு நீங்கள் வேலை பார்க்கும் திட்டத்தில் ஆடு வாங்கிக் கொடுத்து, அது குட்டி போடும்வரை அங்கேயே இருப்பேன் என்கிறாயாம். உடனே புறப்பட்டு வா என்று நேற்று ஒரு கடிதம் எழுதி ஒட்டியும் விட்டேன். தபால் பெட்டி வரைக்கும் போய், போட மனம் வராமல் திரும்பி வந்தேன். உன் காலைத் தன் வயிற்றில் வைத்துக் காத்தவளை அம்போ என்று விட்டுவிட்டு வா என்று பெற்றவள் எப்படி எழுதுவேன்? நீ அங்கேயே இரு. ஆனால் பயம் மட்டும் போகவில்லை பிரபு, இங்கே சித்திரை வெயிலிலும் எனக்கு உள்ளங்கால் சில்லென்று இருக்கிறது. ரெண்டு காலுறை போடு, ஈரமானால் உடனே மாற்று. கறியும் உப்புப் போட்ட பால் டீயும்தான் சாப்பாடு என்று கதிரவன் சொன்னார், எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப்பொடியும் அவரிடம் கொடுத்திருக்கிறேன், அவளுக்கும் கொடு, காரம் என்று முன்னாலேயே சொல்லிவிடு. தனியாக எங்கேயும் போகாதே. எதையும் எங்களிடம் மறைக்காதே, தெரிந்து அழுவதைவிடத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஆண்டவர் உன் காலடியில் துணை நிற்கட்டும், மாதா உன்னை மூடிக் காக்கட்டும். அந்தப் பெண்ணின் பெயரை மறக்காமல் எழுது. அவளுக்காகப் பூசைக்குக் கொடுக்கப் போனேன், சாமியார் பெயர் கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் பிள்ளைக்கு இன்னொரு அம்மா என்று எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.

உன் அம்மா,
லூசியா அருள்பிரகாசம்