குண்டன் தின்ற மாத்திரைகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே மூன்று பேரும் நலம், நாயையும் சேர்த்துத்தான் மூன்று. குண்டன் பிழைத்துக்கொண்டான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடிதத்தைக் கடைசியிலிருந்து படிக்க ஆரம்பிப்பாய், உன் குணம் எனக்குத் தெரியாதா. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு அப்படி இல்லை இப்படி என்று திருத்துவார், அதனால்தான் காகிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன், வாசல் பக்கம் சத்தமே இல்லை. குண்டன் இருக்கும் வீட்டில் சத்தம் இல்லையென்றால் ஏதோ நாசமாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். போய்ப் பார்த்தால், அப்பா ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போன பழைய கறுப்பு ஷூவை இழுத்துப் போட்டுக் கிழித்து வைத்திருக்கிறான், உதட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி, பக்கத்தில் பாதி கடித்த மாத்திரை. அப்பாவின் பிரஷர் மாத்திரை, தினமும் காலையில் நான்தானே எடுத்துக் கொடுக்கிறேன். நம் வழக்கமான நாய் டாக்டர் போனை எடுக்கவில்லை, ஊரிலேயே இல்லையாம். மருந்துக் கடைக்காரர் கொடுத்த இன்னொரு நம்பரில் கூப்பிட்டு, பிரஷர் மாத்திரையைத் தின்றுவிட்டது, வாயெல்லாம் வெள்ளையாக இருக்கிறது என்று மூச்சுவிடாமல் சொன்னால், அந்த டாக்டர் நிதானமாக, கன்னு போட்டு எத்தனை மாசம் ஆச்சும்மா என்கிறார். அவர் மாட்டு டாக்டர். நாய் என்றேன். அதை முதல்ல சொல்ல வேண்டாமா என்று அவருக்குக் கோபம். ஆனாலும் நல்ல மனுஷர், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் நாய் ஆஸ்பத்திரி நம்பரைத் தேடிக் கொடுத்தார். அங்கே போனை எடுத்த பெண், பால் ஊத்தாதீங்க, உப்புத் தண்ணி கொடுக்காதீங்க, மாத்திரை அட்டையோட உடனே வாங்க என்றாள். நான் அதற்குள் உப்பு டப்பாவைத் திறந்துவிட்டேன், அதை அவளிடம் சொல்லவில்லை.

கிளம்புங்கள் என்றதும் உன் அப்பா சட்டையை மாற்றினார், தலை வாரினார், குண்டனின் கழுத்துப் பட்டையை மறந்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். வாடகைக் கார்க்காரர் நாயைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார், எதிர்வீட்டு டிரைவிங் மாஸ்டர்தான் கைகொடுத்தார். அவர் காரில் பக்கத்து சீட்டுக் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, கற்றுக்கொள்கிறவர்கள் தடுமாறினால் மாஸ்டர் மிதிப்பதற்கு. அந்த சீட்டில் உன் அப்பா. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் பயந்துபோய் அதை மிதிக்க, பின்னாலிருந்து நானும் குண்டனும் முன்னால் வந்து விழ, மாஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, சார், புண்ணியமாப் போகும், காலைத் தூக்கி மேலே வச்சுக்குங்க என்றார். மிச்ச வழியெல்லாம் அப்பா சம்மணம் போட்டுக்கொண்டு வந்தார். குண்டன் வழக்கமாக ஜன்னலில் மூக்கை நீட்டுகிறவன், அன்றைக்கு என் மடியில் தலையைப் போட்டுவிட்டான். அப்போதுதான் நிஜமாகவே பயந்துபோய், இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன்.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசுதான், ஆனால் பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. எத்தனை மாத்திரை உள்ளே போயிருக்கும் என்று கேட்டார். நான் அட்டையை நீட்டினேன், ஒன்றாம் தேதி பிரித்தது, தினம் ஒன்று. அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, கணக்கு சரியா இருக்கே, அப்ப நாய் எதைத் தின்னுச்சு என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் குடையைப் பார்த்தார். சரியாச் சொன்னாத்தான் நான் வைத்தியம் பண்ண முடியும் சார், உயிர் விஷயம் என்றார் டாக்டரம்மா. அப்பா மென்று முழுங்கி, அதெல்லாம் எனக்குள்ள போக வேண்டியதும்மா என்றார். குட்டு வெளிப்பட்டது. நான் கொடுக்கும் மாத்திரையை நாக்குக்கு அடியில் அடக்கிக்கொண்டு, நான் திரும்பியதும் ஷூவுக்குள் துப்பியிருக்கிறார், இரண்டு வாரமாக! நம் டாக்டரிடம் வாய் கூசாமல், தவறாமல் போடறேன் என்று சொன்ன மனுஷர், நாய் டாக்டரிடம் பொய் சொல்ல முடியாமல் மாட்டிக்கொண்டார்.

ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார்கள், பெரும்பாலும் முழுசாகவே வந்து விழுந்தன. இருந்தாலும் இறங்கிய பிரஷர் ஏறும்வரை பயம்தான் என்று சொல்லி, சாயங்காலம் வரை சலைன் ஏற்றினார்கள். அப்பா கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, நாளையிலேருந்து ஒழுங்காப் போட்டுக்கறேண்டா, எழுந்திருடா என்று அவனிடம் கெஞ்சினார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அந்த மாத்திரை போட்டால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதாம், ஒரு நாள் குளியலறையில் விழப் பார்த்தாராம். உன்கிட்ட சொன்னா நீ பாப்பாகிட்ட சொல்வே, அவ போட்டது போட்டபடி ஓடி வருவா, இப்பத்தான் அங்க காலூன்றியிருக்கா என்றார். திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன் பாப்பா, அழுகைதான் வந்தது. கொஞ்ச நேரத்தில் குண்டன் எழுந்து சலைன் டியூபைக் கடித்தான், அதற்கப்புறம்தான் டாக்டரம்மா சிரித்தார். மறுநாளே நம் டாக்டரிடம் போய் மாத்திரையை மாற்றிக்கொண்டோம், இப்போது தலைசுற்றல் இல்லை. தினமும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்கிறேன், முறைத்துக்கொண்டே காட்டுகிறார்.

நீயும் உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே, அப்பாவின் மகள்தானே நீ, எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. ரொட்டியிலேயே காலத்தை ஓட்டாமல் கொஞ்சம் சமைத்துச் சாப்பிடு. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மனதார ஆசீர்வதிக்கிறோம். இதைப் படித்ததும் கிளம்பிவிடப் போகிறாள், வர வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் எழுது என்றார் அப்பா. எழுதிவிட்டேன்: வர வேண்டாம். எட்டிப் பார்த்துத் திருப்தியாகி, குண்டனைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போயிருக்கிறார். அவர் தெருமுனை திரும்பிவிட்டார். லீவு கேள் பாப்பா. கிடைத்ததும் வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா