காணிக்கைக் கிழங்கு

சுவா, ஃபிஜி, மார்ச் 4

அன்புள்ள சக்கியுசாவுக்கு,

நம் மகள் அசினாதேவுக்கு ரத்தம் ரொம்பக் குறைவாம். "எது நட்டாலும் விளையுற தவேயுனித் தீவுப் பொண்ணுக்கா இந்தக் கதி? வீட்ல என்னதாம்மா போடுறீங்க?" என்று நர்ஸ் கேட்டாள். தேறுகிற கிழங்கையெல்லாம் விற்றுக் கப்பலேற்றிவிட்டுப் பிள்ளைக்கு நூடுல்ஸ் போடுகிறோம் என்று எந்த வாயால் சொல்வேன்? வருடக்கணக்காக ஒரே சேப்பங்கிழங்கு; மண் செத்துவிட்டது, கீரைகூட வரவில்லை. நிலத்துக்கு ஓய்வு கொடுப்பவர்களுக்கு ஊர்த் தலைவர் மண்ணைத் தேற்றும் பூனைக்காலி விதை தருகிறார், மற்ற வீடுகள் சாப்பாடு தருகின்றன. வாயைத் திறந்து கேளுங்கள். அதுவரை நாங்கள் அக்கா வீட்டில்தான்.

லிதியானா

தவேயுனி, மார்ச் 19

என் லிதியானா,

திட்டாமல் படி. தலைவருக்கு முதல் விளைச்சலைக் காணிக்கையாக வைக்கும் நாள் வந்தது. நம் கிழங்கு என் கைமுட்டி அளவுகூட இல்லை. அதை வைத்தால் மானம் போகுமே என்று பக்கத்து வயல் லேபானியிடம் பெரிதாக விலைக்கு வாங்கி வைத்தேன். பிறகு விதை கேட்டேன். "உன் மண்ணுக்கு எதுக்குடா ஓய்வு? நீ ஊருக்கே சோறு போடுவ போலிருக்கே!" என்று சிரித்துவிட்டார். இனி ஊர்ச் சாவுச் சாப்பாட்டுக்கும் கிழங்கு நான்தான் தரவேண்டுமாம். மேலே காட்டை வெட்டிப் புதிதாக நடட்டுமா?

உன் சக்கியுசா

சுவா, ஏப்ரல் 2

சக்கியுசாவுக்கு,

உங்களோடு மல்லுக்கட்டி எனக்கு அலுத்துவிட்டது. காட்டை வெட்டினால் முதல் மழையிலேயே அந்த மண்ணும் கடலுக்குப் போகும். மானத்தை வேகவைத்துப் பிள்ளைக்கு ஊட்ட முடியுமா? தலைவரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இனிக் கடிதம் போட வேண்டாம்.

லிதியானா

தவேயுனி, ஏப்ரல் 20

லிதியானா,

சொல்லிவிட்டேன். நம் கிழங்கைச் சபை நடுவே கொட்டினேன். காறித் துப்புவார்கள் என்று குனிந்து நின்றேன். ஆனால் லேபானி எழுந்து, "நான் இவனுக்கு வித்ததும் என் வயல்ல விளைஞ்சதில்ல. நானே அடுத்த ஊர்ல வாங்கினதுதான்" என்றான். பின்னாலிருந்து இன்னொருவன், "நானுந்தான்" என்றான். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும்.

தலைவர் நம் கிழங்கு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அப்போ இந்த வருஷம் நான் யாரு மண்ணுல விளைஞ்சதடா சாப்பிட்டேன்?" என்றார்.

விதை கிடைத்துவிட்டது, நாளை விதைக்கிறேன். எல்லா வீடும் நிலத்துக்கு ஓய்வு கேட்கிறது. ஓய்வெடுக்கும் வீட்டுக்குச் சோறு தர ஒரு வீடும் மிச்சமில்லை. பிள்ளையோடு அங்கேயே இரு. வா என்று கூப்பிட ஆசைதான். வந்தால் அவளுக்கு என்ன போடுவேன்?

சக்கியுசா