நூலில் காய்த்த கத்தரிக்காய்

சீத்தா கேம்ப், டிராம்பே
ஜனவரி 19, 2025

அன்பு வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் பேசினால் உம்மா பக்கத்திலேயே நின்று கேட்பார்கள். அதனால் மஸ்கட் திரும்பும் அல்தாப் காக்கா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

செடியில் காய் இருக்கும்வரை உம்மா பறிக்கட்டும், தீர்ந்ததும் உங்கள் பெயரில் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தை உங்கள் சிநேகிதர் மெஹராஜ் மாமா டெம்போ நிறுத்தக் கொடுத்துவிட வேண்டும் என்றீர்கள். உம்மாவும் ‘சரி’ என்றார்கள். அன்றைக்குச் சாப்பிடவில்லை, அது வேறு விஷயம்.

ஆனால் என்ன அதிசயமோ வாப்பா, காய் தீரவே மாட்டேன் என்கிறது! முள்ளங்கி முடிந்தது, மேத்திக் கீரை முடிந்தது, வெண்டையும் முற்றிவிட்டது. கத்தரி மட்டும் காய்த்துத் தள்ளுகிறது. மாமா ஞாயிறுதோறும் எட்டிப் பார்த்து, “க்யா பாத் ஹை, இன்னுமா?” என்று தலையைச் சொறிகிறார். இருக்கிற நாலு முடியும் கொட்டிவிடுமே என்று எனக்குக் கவலை.

பதில் போடாவிட்டால் எனக்குக் கோபம் காய்க்கும். அதுவும் லேசில் தீராது.

உங்கள் சமர்த்து மகள்,
பரீஹா


மஸ்கட்
ஜனவரி 31, 2025

அன்பு மகள் பரீஹாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

மெஹராஜ் போன் செய்தான். காயை இழுத்தால் நூலோடு வந்ததாம். நம் செடி ஊதாக் கத்தரி. நீ கட்டித் தொங்கவிட்டது பச்சைக் கத்தரி. செம்பூர் மார்க்கெட்டில் வாங்கும்போது நிறத்தையாவது பார்த்திருக்கக் கூடாதா? அறையில் எல்லோரும் சிரித்த சிரிப்பில் எனக்கும் கொஞ்சம் வந்துவிட்டது. ஆனால் விளையாட்டு போதும்.

எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவன் மெஹராஜ். வாக்குக் கொடுத்துவிட்டேன். உம்மாவும் எத்தனை காலம் வெயிலில் குனிந்து நிற்பாள்? இனி வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும். பிப்ரவரி 16, ஞாயிறு, அவன் வண்டியோடு வருவான். அதற்குள் எல்லாவற்றையும் பறித்து, வழக்கம்போல் கடைசிப் பறிப்புத் தால்ச்சாக் குழம்பு ஆக்கித் தெருவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

படிப்பைப் பார்.

வாப்பா,
ஷாகுல் ஹமீது


சீத்தா கேம்ப்
பிப்ரவரி 17, 2025

அன்பு வாப்பாவுக்கு, ஸலாம்.

பச்சைக் கத்தரி என் தவறுதான். அடுத்த தடவை ஊதாவாகவே வாங்குகிறேன்.

உங்கள் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘நிம்மதியாக இருக்கட்டும்’ என்ற இடத்தில் வெண்டைக்காய் நறுக்கிய கை நின்றது.

“ஏட்டி, எனக்கு எங்க நிம்மதின்னு அவுக எப்பவாச்சும் கேட்டாகளா?”

கேட்டீர்களா வாப்பா? வீட்டில் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காமல் பேசுகிற உம்மா, தோட்டத்தில் காகம் விரட்டினால் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்.

நேற்று தால்ச்சா ஆக்கினார்கள், நீங்கள் சொன்னபடியே. ஆனால் தோட்டத்தின் நட்டநடுவில். கல் கூட்டி, பெரிய தேக்சாவை ஏற்றி, கோணல் கத்தரி, முற்றிய வெண்டை, பூச்சி கடித்ததில் நல்ல பாதி எல்லாம் போட்டு. தெருவே தட்டோடு வந்து வரப்பில் உட்கார்ந்தது. அப்போதுதான் மாமா டெம்போவோடு வந்தார்.

“பாபி, அடுப்பக் கொஞ்சம் தள்ளுங்க. வண்டி வரணும்.”

“அடுப்பு எரியுது, கண்ணு தெரியலயா?”

“அரே, ஷாகுல் பாய் வாக்குக் குடுத்துருக்காரு!”

“குடுத்தவுக மஸ்கட்ல இருக்காக. அங்கன கொண்டு போயி நிறுத்துங்க. இது நான் வெதச்ச மண்ணு.”

தெரு முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை வாப்பா, வாய் நிறையச் சோறு. மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். உம்மா ஒரு தூக்கு தால்ச்சாவை என்னிடம் கொடுத்து அவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமி வாங்கிக்கொண்டார், மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்று காலை உம்மா நிலத்துக்கார மீனவ அம்மா கோளி மாவுசியைப் பார்த்து, அடுத்த போகத்துக் குத்தகையைத் தன் பெயரிலேயே பேசி முடித்துவிட்டார்கள். வெண்டை விதை ஊறிக்கொண்டிருக்கிறது.

மெஹராஜ் மாமாவுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அவர் உங்களுக்குச் செய்த உதவி பெரிதுதான். கைம்மாறாக உங்களுடையது எதையாவது கொடுங்கள். உம்மாவுடையதைக் கொடுக்காதீர்கள்.

கோபம் என்றால் லீவு போட்டு வந்து திட்டுங்கள். உம்மாவைத் தேடி வீட்டுக்குப் போக வேண்டாம், நேராகத் தோட்டத்துக்கு வாருங்கள்.

உங்கள் மகள்தான், ஆனால் உம்மா கட்சி,
பரீஹா